முதல் ஐந்து நிமிஷங்கள்

நர்ஸ் வேலைக்கும் இளநிலை டாக்டர் வேலைக்கும் ஆள் எடுக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளின் விளம்பரங்களைப் படிக்கிறவர்கள், கல்வித் தகுதி, முன் அனுபவம், இரவு நேரப் பணிக்குச் சம்மதம் என்ற நிபந்தனைகளுக்குப் பக்கத்திலேயே, ‘ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்ற வாசகத்தையும் பல இடங்களில் கண்டிருப்பார்கள். பி.எல்.எஸ். என்ற சான்றிதழைப் பற்றிய பேச்சு அவற்றில் அவ்வளவாக இருப்பதில்லை. இருந்தாலும், மேலே ஏறுவதற்காக மிதித்துவிட்டுப் போகிற ஒரு படி என்ற அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு. நின்றுபோன இதயத்தை மறுபடி இயங்கவைப்பதற்கென்று உலகெங்கும் இரண்டு பயிற்சிகள் கற்பிக்கப்படுகின்றன. ஒன்று பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்பு, மற்றொன்று ஏ.சி.எல்.எஸ். எனப்படும் மேல்நிலை உயிர்காப்பு. கௌரவம், சம்பளம், மாநாட்டு மேடை, விளம்பர வாசகம் எல்லாம் மேல்நிலைக்கே சேர்ந்துவிட்டன. ஆனால் விழுந்தவர் பிழைப்பாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அடிப்படையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதும், அரசாங்கமும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் தங்கள் பணத்தையும் சிரத்தையையும் முதலில் செலுத்த வேண்டிய இடம் அதுவே என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இதை விளக்குவதற்கு முன்னால், பத்திரிகைச் செய்திகளிலேயே அடிக்கடி குழம்பிக் கிடக்கும் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்க்க, தம் வேதனையைத் தாமே சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயொன்று அடைபட்டிருக்கிறதே அன்றி, இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதய நிறுத்தத்திலோ, பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு முடியுமுன்னே சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை, நாடி இல்லை, மூச்சும் இல்லை. சிலருக்கு மட்டும், கரையில் எடுத்துப்போட்ட மீனைப்போல், வாய் இடைவிட்டு இடைவிட்டுத் திறந்து மூடும். சுற்றி நிற்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க’ என்று ஆறுதல் கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் நிற்பது நம் தெருக்களில் நடக்கிற மிகப் பெரிய பிழை. அது மூச்சல்ல, பிராணன் பிரிகிற தறுவாயில் மூளையின் அடிப்பகுதி வெளியிடும் கடைசி அசைவு. மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் முடிவதும் உண்டு. மாரடைப்பே இல்லாமல் மின்சாரம் தாக்கியோ, தண்ணீரில் மூழ்கியோ, ரத்தத்தில் உப்புச் சத்துக்களின் அளவு மாறியோ இதயம் நின்றுபோவதும் உண்டு.

எந்தக் காரணத்தால் நின்றாலும் அதன்பின் ஓடுகிற கடிகாரம் ஒன்றுதான். மூளைக்கு ரத்தம் போவது நின்று நான்கைந்து நிமிஷங்கள் ஆனால் மீட்க முடியாத சேதம் ஆரம்பமாகிறது. இதயம் துடிப்பை விட்டுத் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையில், ஒன்றும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு வரை குறைகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் போக்குவரத்தையும் நினைத்துப் பார்த்தால், அழைத்த பத்தாவது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்குமானால் அது மெச்சத்தக்க வேகம் என்பதும், அந்த மெச்சத்தக்க வேகமும் போதாது என்பதும் விளங்கும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் அதே அறையில், அதே பஸ்ஸில், அதே கல்யாண மண்டபத்தில் இருக்கிற இன்னொரு மனிதர் மட்டுமே.

அவர் செய்ய வேண்டியது என்ன? விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்து, அசைவோ இயல்பான மூச்சோ இல்லையென்று கண்டால், பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு, விழுந்தவரைச் சமமான கெட்டித் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், தம் தோளின் பாரம் நேராக இறங்கும்படி, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற கதியில் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதுமாக மேலெழும்ப இடம் கொடுக்க வேண்டும்; அந்த மேலெழும்பலில்தான் இதயம் மறுபடி ரத்தத்தால் நிரம்புகிறது. பழகியவர்கள் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் மூச்சும் கொடுப்பார்கள், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வார்கள், ஏ.இ.டி. என்கிற, தானே இதயத் தாளத்தின் போக்கை ஆராய்ந்து, தேவையானால் மட்டும் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லி வாய்விட்டுக் கட்டளையிடும் சிறிய கருவி கிடைத்தால் அதையும் ஒட்டுவார்கள். அடிப்படை உயிர்காப்பு என்பது இவ்வளவே. மிக நன்றாகச் செய்தால்கூட இயல்பான ரத்த ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இதனால் கிடைக்கும். மூளை அணைந்துபோகாமல் காப்பதற்கு அந்த அற்ப அளவு போதுமானது.

சில காலத்துக்கு முன், சத்துணவுக் கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்காக நடந்த ஒரு பயிற்சி வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. தரையில் மூன்று ரப்பர் பொம்மைகள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மையின் உள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், குறைந்தால் வராது. முதலில் வந்த பெண் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டி போட்டாரே தவிர, கையை வைத்ததும் தயங்கிவிட்டார். ‘இவ்வளவு அழுத்தினா நெஞ்செலும்பு ஒடைஞ்சிடாதா சார்?’ என்று கேட்டார். பயிற்றுநர் சிரிக்கவில்லை. ‘ஒடைஞ்சாலும் ஒடையலாம்மா. ஒடைஞ்ச எலும்பு ஒண்ணரை மாசத்துல கூடிடும்’ என்று மட்டும் சொன்னார். பின்னால் நின்ற இன்னொரு பெண், ‘நாங்க தொட்டதுக்கப்புறம் செத்துப்போயிட்டா போலீஸ் கேஸ் ஆயிடுமே?’ என்றார். அதற்கும் பயிற்றுநர் பதில் சொன்னார். பத்து நிமிஷத்துக்கெல்லாம் அந்த அறை முழுவதும் ‘டக், டக்’ என்ற சத்தம் ஒரே தாளத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கிப் பழகிய அந்தக் கைகளுக்கு ஆழம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. பாரத்தை முழுவதும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தச் செய்வதற்குத்தான் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த எளிய வித்தையின் சரித்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மின்னதிர்ச்சியைப் பற்றி நாய்களிடம் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, கனமான மின்முனைகளை மார்பில் வைத்து அழுத்தியதுமே, மின்சாரம் பாய்வதற்கு முன்னரே, ரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் கவனித்தார். அவரும், கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளரும், ஜூட் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும் சேர்ந்து 1960-இல் வெளியிட்ட கட்டுரைதான் மார்பைத் திறக்காமல் இதயத்தை இயக்கலாம் என்ற உண்மையை உலகுக்கு அறிவித்தது. இதற்கு இரண்டு கைகளே போதும் என்று அவர்கள் அப்போதே எழுதினார்கள். அதே நகரத்தில் பீட்டர் ஸாஃபர் என்ற மயக்கவியல் டாக்டர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதன் பலனைத் தொண்டர்களிடம் சோதித்து நிலைநாட்டியிருந்தார். இரண்டும் இணைந்தன. நார்வேயில் பொம்மைத் தொழிற்சாலை வைத்திருந்த லேர்டால் என்பவர், பயிற்சிக்கு வேண்டிய ஆளுயரப் பொம்மையைச் செய்து கொடுத்தார். ஆனால் இரண்டு கைகள் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் சொன்ன பின்பும், அந்தக் கைகள் யாருடையவையாக இருக்கலாம் என்பதில் வைத்திய உலகம் தயங்கியது. 1966-இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர் மாநாடு டாக்டர்கள், நர்ஸுகள் முதலிய தொழில்முறையாளர்களுக்கு மட்டுமே இதைக் கற்பிக்கச் சிபாரிசு செய்தது. 1974-இல் வெளியான வழிகாட்டுதல்கள்தாம் பொதுஜனங்களுக்கும் கற்பிக்கலாம் என்று கதவைத் திறந்தன. மேல்நிலை உயிர்காப்பு என்ற தனிப் பகுதியும் அதே வழிகாட்டுதல்களில்தான் இடம்பெற்றது. ஒரே பிரசவத்தில் பிறந்த அவ்விரண்டில், கருவியும் மருந்தும் கைக்கொண்டது மட்டும் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

மேல்நிலைப் பயிற்சியை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வார்டில் ‘கோட் ப்ளூ’ என்ற அறிவிப்பு ஒலித்ததும் ஓடிவருகிற குழுவில், அழுத்துகிறவர் ஒருவர், அம்பு பையால் மூச்சு கொடுக்கிறவர் ஒருவர், க்ராஷ் கார்ட்டைத் திறந்து மருந்து எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் ஒருவர், நேரம் குறிப்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்து நிற்க, தலைவராக இருப்பவர் எதையும் தொடாமல் கட்டிலின் காலடியில் நின்று, மானிட்டரில் ஓடும் கோட்டைப் படித்து முடிவெடுக்கிறார். மின்னதிர்ச்சிக்கு வசப்படும் தாளங்கள் சில, வசப்படாதவை சில. சினிமாவில் கோடு நேராகப் படுத்த பிறகு நெஞ்சில் கருவியை வைத்து உலுக்கி எழுப்புகிறார்களே, அந்த நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி எதுவும் செய்யாது என்பதும் இந்தப் பாடத்தில் ஒன்று. மூன்று முதல் ஐந்து நிமிஷங்களுக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம் அட்ரினலின், அதிர்ச்சிக்கு அடங்காத நடுக்கத்துக்கு அமியோடரோன், மூச்சுக்குழாயில் டியூப், இவையெல்லாம் அதன் பிறகு வரும் பாடங்கள். ஆனால் அந்தப் படிப்பின் சாரம் இவற்றில் இல்லை. இதயம் ஏன் நின்றது என்று, அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே யோசிக்கிற பழக்கத்தில் இருக்கிறது.

வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய ஒருவர், ஊரில் கும்பாபிஷேகம் என்று போய் ஒருமுறையைத் தவறவிட்டுவிட்டு, நடக்கவும் பலமில்லாமல் அவசரப் பிரிவுக்கு வந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்தியிருக்கிறது. அழுத்தம் அவருடைய மூளையைக் காக்கும். அட்ரினலின் கொஞ்சம் துணை நிற்கும். ஆனால் கையில் உள்ள டயாலிசிஸ் தழும்பைக் கவனித்து, கால்சியம் ஊசியைப் போடச் சொல்லி, குளுக்கோஸுடன் இன்சுலினையும் கொடுத்து, டயாலிசிஸ் யந்திரத்துக்கு ஆள் அனுப்புகிற டாக்டர் இல்லாவிட்டால் அந்த இதயம் மறுபடி இயங்குவது அரிது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டவருக்கு ஓர் ஊசிக் குத்தும், பிரசவத்தில் ரத்தம் வடிந்துபோனவளுக்கு ரத்தமும்தான் சிகிச்சை. இதயம் நிற்குமுன்பே அது மிகவும் மெதுவாகவோ மிகவும் வேகமாகவோ ஓடுவதைக் கண்டு தடுப்பதும், திரும்பி வந்த இதயத்தை மறுநாள் வரை காப்பாற்றி வைப்பதும் மேல்நிலையைச் சேர்ந்தவையே. இவற்றைக் கற்றவர்கள் நமக்கு ஏராளமாக வேண்டும். ஆனால் இந்த உதாரணங்கள் ஒவ்வொன்றிலும், டாக்டர் யோசிப்பதற்கு வேண்டிய அவகாசத்தை வாங்கிக் கொடுப்பது மார்பின்மேல் இருக்கும் இரண்டு கைகள்தாம்.

இது என் ஊகமல்ல. கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதினேழு நகரங்களில் நடந்து, 2004-இல் வெளியான ஆராய்ச்சியைப்போல் இந்த விஷயத்தை நேருக்கு நேர் சோதித்தவை குறைவு. அந்நகரங்களில் அடிப்படைப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள் விரைவாக வந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு முதலில் நன்கு ஊன்றப்பட்டது. அதன்பின், தொண்டையில் டியூப் செலுத்தவும் நரம்பு வழி மருந்து ஏற்றவும் பயின்ற மேல்நிலை ஊழியர்கள் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு கட்டங்களிலுமாக ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ற 5,638 பேரின் கதியை ஒப்பிட்டார்கள். மேல்நிலைச் சிகிச்சை வந்தபின், இதயம் மறுபடி துடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 10.9-லிருந்து 14.6 ஆக உயர்ந்தார்கள். உயிரோடு வீடு திரும்பியவர்களோ 5.0-லிருந்து 5.1 ஆனார்கள். அதாவது, வித்தியாசமே இல்லை. ஆனால் அருகில் இருந்த யாரோ ஒரு சாமானியர் மார்பை அழுத்தியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது. எட்டு நிமிஷத்துக்குள் மின்னதிர்ச்சி கிடைத்திருந்தாலும் ஏறக்குறைய அப்படியே.

மேல்நிலைப் பாடத்தின் முதல் மருந்தாகிய அட்ரினலினையே பிரிட்டனில் பின்னர் தனியாக எடுத்துச் சோதித்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் 8,014 பேரில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் உப்பு நீரும் கொடுக்கப்பட்டது. முப்பது நாட்களுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 3.2, பெறாதவர்களில் 2.4, அந்த வகையில் மருந்துக்கு வெற்றிதான். ஆனால் வீடு திரும்பியவர்களுள், மூளை கடுமையாகப் பழுதுபட்டு மற்றவர்களையே முற்றிலும் நம்பி வாழ வேண்டியிருந்தவர்கள் மருந்து பெற்ற பக்கத்தில் 31 சதவீதம், பெறாத பக்கத்தில் 17.8 சதவீதம். இதயத்தைத் திருப்பிக் கொண்டுவர மருந்தால் முடிகிறது. தாமதத்தில் போய்விட்ட மூளையைத் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை. இவ்விரண்டு ஆராய்ச்சிகளையும் காட்டி மேல்நிலைப் பயிற்சி வீண் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்டாரியோவில் அஸ்திவாரம் முன்பே பலமாகப் போடப்பட்டிருந்தது; ஆராயப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்கு வெளியே விழுந்தவர்கள்; அவசரப் பிரிவில் வந்து விழுந்த டயாலிசிஸ் நோயாளியைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொள்வது வரிசையைப் பற்றிய பாடத்தை மட்டுமே.

நம் தேசத்தில் இந்த வரிசையைச் சரியாக உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. இந்திய மயக்கவியல் டாக்டர்கள் சங்கத்தின் முன்முயற்சியில் 2017-இல் வெளியான நம் நாட்டு வழிகாட்டுதல்கள் பயிற்சியை மூன்றாகப் பிரிக்கின்றன: பொதுஜனங்களுக்கு மூச்சு கொடுக்கும் பகுதியை நீக்கி மார்பை அழுத்துவதை மட்டும் கற்பிக்கும் சி.ஓ.எல்.எஸ்.; ஆஸ்பத்திரிக்கு வெளியே பணியாற்றும் பயிற்சி பெற்ற ஊழியர்களுக்குப் பி.சி.எல்.எஸ்.; ஆஸ்பத்திரிக்குள் மருந்தும் கருவியும் கொண்டு செய்யும் சி.சி.எல்.எஸ். அறிமுகமில்லாதவரின் வாயில் வாய் வைக்கக் கூசித் திரும்பிப் போகிற ஆயிரம் பேரில் பாதிப் பேராவது அழுத்தத்துக்கு மட்டும் முட்டி போடுவார்கள் என்ற நடைமுறை ஞானம் இந்தப் பிரிவில் இருக்கிறது. பாராட்ட வேண்டிய தீர்மானம் இது. ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். கிணறும் ஏரியும் ஆறும் கடலும் ஆண்டுதோறும் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிற நாடு நம்முடையது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்துபோவது பிராணவாயு, ஆதலால் அவருக்கு வெறும் அழுத்தம் போதாது, மூச்சும் வேண்டும். ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் நிற்கும் தீயணைப்பு வீரருக்கும், கடற்கரைக் காவலருக்கும், மீனவக் குப்பத்து இளைஞர்களுக்கும், நீச்சல் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் மூச்சுக் கொடுக்கும் பகுதியை விட்டுவிடாமல் கற்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற 108 ஆம்புலன்ஸுகளிலும் அடிப்படை, மேல்நிலை என்ற இதே பாகுபாடு உண்டு. வென்டிலேட்டரும் மின்னதிர்ச்சிக் கருவியும் உள்ள மேல்நிலை வண்டிகள் எங்கள் தாலுகாவுக்கு வேண்டுமென்று மனுக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டி வந்து சேரும்வரை வீட்டுத் திண்ணையில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டு மனுக் கொடுத்தவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. 108-க்கு வருகிற அழைப்பை எடுப்பவர், விலாசத்தைக் குறித்துக்கொண்டதோடு நில்லாமல், ‘போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்கம்மா, நான் எண்ணுறேன், நீங்க அழுத்துங்க’ என்று வண்டி வரும்வரை தமிழில் எண்ணிக்கொண்டே துணை இருப்பது இதயம் நின்றவருக்காக வரும் எல்லா அழைப்புக்கும் கட்டாய விதியாக வேண்டும். புது வண்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு உள்ளேயும் நிலைமை திருப்திகரமாக இல்லை. நட்சத்திர ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள் இருந்து, கணிசமான கட்டணம் செலுத்தி, ஏ.சி.எல்.எஸ். அட்டையைப் பெற்றுத் திரும்புகிறவருக்கு அது இரண்டு வருஷங்களுக்குச் செல்லும். ஆனால் கற்ற கைத்திறன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மங்கத் தொடங்கிவிடுகிறது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உறவினர் ஒருவரைப் பார்க்க மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு இதயம் நின்றது. அட்டை வைத்திருந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். டியூப் போடுவதற்காக அழுத்தத்தை நிறுத்தினார்கள். டியூப் போக மறுத்தது. எல்லோருடைய கண்ணும் தொண்டையின்மேல் இருந்தது. மார்பின்மேல் ஒரு கையும் இல்லை. பத்து விநாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது அடிப்படைப் பாடத்தின் முதல் பக்கம். வராந்தாவில் நின்ற செக்யூரிட்டிக்கு அந்தப் பாடம் மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் உள்ளே வந்து அழுத்தியிருப்பார். ஆதலால், மேல்நிலைச் சான்றிதழை அவசரப் பிரிவு, தீவிரச் சிகிச்சை, மயக்கவியல், இதயநோய்ப் பிரிவு ஆகியவற்றில் குழுவை நடத்த வேண்டியவர்களிடம் மட்டும் கேட்பதும், அவர்களும் தங்கள் வார்டிலேயே, தாங்கள் நாளும் தொடுகிற க்ராஷ் கார்ட்டைக் கொண்டே, குழுவாக ஒத்திகை பார்ப்பதும்தான் பிரயோஜனமுள்ள முறை. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பொம்மையைப் போட்டு வைத்து, டாக்டர் முதல் லிப்ட் ஊழியர், கேன்டீன் பையன் வரை மாதம் ஒருமுறை இரண்டு நிமிஷம் அதை அழுத்திவிட்டுப் போக வேண்டும் என்று விதி செய்தால், அந்த ஆஸ்பத்திரி வாசலில் தொங்கும் எந்தத் தரச் சான்றிதழையும்விட நான் அதை நம்புவேன்.

பொதுஜனங்களுக்குக் கற்பித்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க் பதில் சொல்லும். 2005-இல் பள்ளிக்கூடங்களிலும், அடுத்த ஆண்டு டிரைவிங் லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி அங்கே கட்டாயமாக்கப்பட்டது. வேறு ஏற்பாடுகளும் கூடச் செய்யப்பட்டன. இதயம் நின்றவர்களுக்கு அருகில் இருந்தவர்களே உயிர்காப்பு செய்த விகிதம் 2001-இல் நூற்றுக்கு 21 ஆக இருந்தது, 2010-இல் ஏறக்குறைய 45 ஆயிற்று. முப்பது நாள் கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் அதே காலத்தில் 3.5-லிருந்து 10.8 ஆனார்கள். அந்த நாட்டின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்ஸன், 2021 ஜூன் மாதம் கோப்பன்ஹேகன் மைதானத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கச் சரிந்து விழுந்ததும், மார்பு அழுத்தமும் ஒரே ஒரு மின்னதிர்ச்சியும் அவரை மீட்டதும், அடுத்த ஆண்டின் உலகக் கோப்பையில் அவர் மறுபடி ஆடியதும் பலருக்கு நினைவிருக்கலாம். அவரை மீட்ட இரண்டும் அடிப்படைப் பாடத்தில் உள்ளவை.

போலீஸ் கேஸைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை என்பதை அந்தச் சத்துணவுப் பெண்ணின் கேள்வியே காட்டுகிறது. சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிப்படுத்திய விதிகளும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும் உண்டு. ஆனால் அவை சாலை விபத்துக்கு மட்டும் உரியவை. கோயில் வரிசையிலோ ரயில் பெட்டியிலோ விழுந்தவரின் மார்பில் கை வைப்பவருக்கும் அதே பாதுகாப்பை வெளிப்படையாக எழுதிச் சட்டமாக்குவதில் எந்தக் கட்சிக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. தவறாகச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு: இதயம் நின்றவர் ஏற்கெனவே மரணத்துக்குள் போய்விட்டவர், அவருக்கு அதைவிடக் கேடு செய்ய யாராலும் முடியாது, வெறும் மயக்கத்தில் இருந்தவரைத் தவறாக அழுத்திவிட்டாலோ, அவர் வலியில் கையைத் தட்டிவிடுவார், அதனால் பெரிய தீங்கு நேர்வது அரிது.

இவ்வளவுக்கும் புதிய கட்டிடமோ புதிய இலாகாவோ தேவையில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மயக்கவியல் துறை இருக்கிறது. அந்தத் துறையினர் மாவட்டத்தில் உள்ள உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பள்ளிக்கு மூன்று பொம்மைகளும் வழங்கி, பிளஸ் ஒன் கால அட்டவணையில் வருஷத்துக்கு இரண்டு பீரியடும் ஒதுக்கிவிட்டால், வருகிற ஜூன் மாதமே ஆரம்பித்துவிடலாம். பொம்மைக்குப் பணம் வரும்வரை, கெட்டியான பஞ்சுத் திண்டு ஒன்றைத் தரையில் போட்டுக்கொண்டுகூட எண்ணிக்கையையும் கதியையும் கற்பிக்கலாம்.